மூன்றடி உயரத்திலிருந்து பார்த்தால்...

ஷோரூமிலிருந்து வண்டி வாசலுக்கு வந்த அன்று, நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சந்தனம், குங்குமம், பூமாலை, திருஷ்டிப் பூசணிக்காய் எல்லாம் முடிந்தது. பாட்டி கதவைத் திறந்து உட்கார்ந்து பார்த்தார். குனியவில்லை, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கவும் இல்லை. நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்தார்.

"இது நல்லா இருக்குடா தம்பி. கால் வலிக்கலை" என்றார்.

பத்து மாதம் யோசித்து, ஏழு வருடக் கடனில் வாங்கிய வண்டிக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா என்ன? மகனுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

சென்னைப் புறநகரில் எந்தத் தெருவிலும் பார்க்கக்கூடிய குடும்பம்தான் இது. கணவன், மனைவி, மூன்று வயதுப் பெண், நான்கு மாதக் கைக்குழந்தை, கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் பாட்டி. அதுவரை ஸ்கூட்டர்தான். அம்மா ஓட்ட, மூத்தவள் முன்னால் நின்றுகொண்டு வருவாள். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் அந்தக் கணக்கு உதைத்தது. தை மாதம் நல்ல நாள் பார்த்து ஒரு சின்ன எஸ்யுவி வீட்டுக்கு வந்தது.

அந்த வண்டியோடு அவர்கள் கழித்த முதல் ஒரு வருடம், இப்படியொரு கார் வாங்க நினைக்கும் இளம் குடும்பங்கள் எல்லாருக்கும் பாடம்.

நாலு மீட்டர் ரகசியம்

சாலையில் ஓடும் சின்ன எஸ்யுவிகளின் விவரப் பட்டியலைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். நெக்ஸான், பிரெஸ்ஸா இரண்டுக்குமே நீளம் 3,995 மில்லிமீட்டர். ஏன் எல்லாரும் 4 மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் முன்னால் நிறுத்திக்கொள்கிறார்கள்? வரிதான் காரணம். காரின் நீளம் 4 மீட்டரைத் தாண்டாமல், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள், டீசல் இன்ஜின் 1,500 சிசிக்குள் இருந்தால் அது சின்ன கார். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜி.எஸ்.டி 18 சதவிகிதம். எல்லையைத் தாண்டினால் 40 சதவிகிதம்.

அப்படியென்றால் பார்க்க 'பெரிய கார்' போலத் தெரிவது எப்படி? ஸ்விஃப்ட்டையும் பிரெஸ்ஸாவையும் பக்கத்தில் நிறுத்தினால் புரிந்துவிடும். நீளத்தில் 13 சென்டிமீட்டர் வித்தியாசம். அகலத்தில் ஐந்தரை சென்டிமீட்டர், அதாவது மூன்று விரல்கடை. உயரத்தில்தான் சுமார் 16 சென்டிமீட்டர் கூடுதல். சாதாரண ஹேட்ச்பேக்கை விட்டுவிட்டுச் சின்ன எஸ்யுவிக்குப் போகிறவர்கள் கூடுதல் பணம் கொடுத்து வாங்குவது முக்கியமாக உயரத்தைத்தான்.

அந்த உயரத்துக்கு மதிப்பு உண்டு. பாட்டியின் முழங்கால் அதற்குச் சாட்சி. சிசேரியன் ஆன தாய்க்கு இன்னும் பெரிய உதவி. தாழ்வான காரில் குழந்தையைப் படுக்கவைக்க இடுப்பை வளைத்து, தலையை உள்ளே நுழைத்து, கையை நீட்ட வேண்டும். இதில் நின்றபடியே முடிகிறது. தெருவுக்குத் தெரு இருக்கும் வேகத்தடைகளில் அடிப்பாகம் தட்டுவதில்லை. ஓட்டுகிறவருக்கு முன்னால் போகும் ஆட்டோவுக்கும் அப்பால் சாலை தெரிகிறது.

முதல் நான்கு மாதம் எல்லாரும் உயரத்தின் நல்ல பக்கத்தை மட்டுமே பார்த்தார்கள்.

மடியைவிடப் பத்திரமான இடமா?

மூத்தவள் ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். ஜன்னலைத் திறப்பாள், முன் சீட்டுக்குத் தாவுவாள். அவளை அடக்குவதற்காகவே ஒரு சைல்டு சீட் வாங்கியிருந்தார்கள். கைக்குழந்தைக்கு வாங்கவில்லை. மனைவி ஓரிரு முறை பேச்செடுத்தாள்.

"பாப்பாவுக்கும் ஒண்ணு வாங்கிடலாங்க."

பதில் பாட்டியிடமிருந்து வந்தது. "பச்சைப் பிள்ளையைக் கட்டிப்போடுவாங்களா? என் மடியைவிடப் பத்திரமான இடம் எதும்மா?"

மருமகள் மேலே பேசவில்லை. மகனும் பேசவில்லை. ஐந்து பிள்ளைகளை மாட்டு வண்டியிலும் பஸ்ஸிலும் மடியில் வைத்து வளர்த்தவரிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் மாதம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். டிக்கியில் ஒரு சாக்கு அரிசி, தேங்காய் மூட்டை, இரண்டு பெட்டி, குழந்தையின் தள்ளுவண்டி. இந்த வகைக் கார்கள் பலவற்றின் டிக்கி சுமார் 330 முதல் 390 லிட்டர் வரை இருக்கும். காகிதத்தில் பெரிய எண்தான். தள்ளுவண்டியை மடக்கி வைத்ததும் பாதி போய்விடும். பண்ருட்டியில் வண்டியை நிறுத்தி ஒரு பலாப்பழம் வாங்கினார்கள். எட்டு கிலோ. டிக்கியில் இடமில்லை. பின் சீட்டில் நடுவில் வைத்து, உருளாமல் இருக்கப் பாட்டி ஒரு கையால் பிடித்துக்கொண்டார். இன்னொரு கை மடியில் இருந்த குழந்தையைச் சுற்றியிருந்தது. குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். எடை ஏறக்குறைய அதே எட்டு கிலோ.

பண்ருட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள். சாலையோரத்திலிருந்து ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. மகன் பிரேக்கை அழுத்தினார். வேகம் ஐம்பதுக்குப் பக்கம்தான் இருக்கும். எதிலும் மோதவில்லை. ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பலாப்பழம் பாட்டியின் கையை உதறிக்கொண்டு இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவே பாய்ந்து கியரின் பக்கத்தில் போய் இடித்தது. குழந்தையைப் பாட்டி விடவில்லை. ஆனால் அவரே முன்னால் சரிந்தார். குழந்தையின் நெற்றி முன் சீட்டின் முதுகில் மோதியது. வீறிட்டு அழுதது. சைல்டு சீட்டில் இருந்த மூத்தவள் மட்டும் இருந்த இடத்தில் இருந்தாள். தூக்கம்கூட முழுதாகக் கலையவில்லை.

வண்டியை ஓரமாக நிறுத்தினார்கள். நெற்றியில் சின்ன வீக்கம், அவ்வளவுதான். யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பாட்டிதான் பேசினார்.

"பழத்தை அழுத்திப் பிடிச்சுத்தான்டா இருந்தேன். நிக்கலை."

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருக்கிறது. அது வெறும் பிரேக். மோதலே இல்லை. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் எதிலாவது மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால் என்ன ஆகும்? காரோடு போய்க்கொண்டிருக்கும் எட்டு கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த, 110 கிலோ மூட்டையைத் தாங்குகிற பலம் வேண்டும். பாசத்தில் குறையில்லாத கைகள்தான். ஆனால் அந்த எடையைத் தாங்கும் கை யாருக்கும் இல்லை. அம்மாவும் குழந்தையும் ஒரே சீட் பெல்ட்டுக்குள் உட்காருவது அதைவிட மோசம். பெரியவரின் முழு எடையும் குழந்தையைப் பெல்ட்டோடு நசுக்கும்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாமல் காரில் அழைத்துப் போனால் 1,000 ரூபாய் அபராதம். ஆனால் அந்த வீட்டில் மறுவாரமே இரண்டாவது சைல்டு சீட் வந்ததற்குக் காரணம் அபராதம் அல்ல. வாங்கச் சொன்னதே பாட்டிதான்.

பின் சீட் கணக்கு

கைக்குழந்தைக்கான சீட் காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்து பலவீனம். முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தால் மோதலில் தலை மட்டும் முன்னால் பாயும். பின்னால் பார்த்து இருந்தால் முதுகு, கழுத்து, தலை மூன்றையும் சீட்டே சேர்த்துத் தாங்கிக்கொள்ளும். ஐரோப்பாவில் புதிய விதிப்படி தயாராகும் சீட்டுகளில் 15 மாதம் வரை இப்படித்தான் வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் சீட்டின் அளவு அனுமதிக்கும்வரை வைத்திருப்பது நல்லது.

பின்னால் பார்க்கும் சீட்டை, ஏர்பேக் இயங்கும் முன் சீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏர்பேக் விரியும் வேகத்தில் அது நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னாலிருந்து அடிக்கும்.

பின் சீட்டின் முதுகும் அடியும் சேரும் இடத்தில் கையை விட்டால் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். அதுதான் ஐசோஃபிக்ஸ். சைல்டு சீட்டின் கொக்கிகளை அதில் 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை தள்ள வேண்டும். மூன்றாவது பிடிமானமாக மேலே ஒரு பட்டையோ கீழே ஒரு காலோ இருக்கும். அதையும் மாட்டினால்தான் வேலை முடிந்தது.

இரண்டு சீட்டும் மாட்டியபிறகுதான் சின்ன எஸ்யுவியின் உண்மையான அகலம் தெரிந்தது. ஒவ்வொன்றும் சுமார் 45 சென்டிமீட்டர். நடுவில் மிஞ்சிய இடத்தில் ஒல்லியான ஓர் ஆள் ஒருக்களித்து உட்காரலாம். ஐந்து பேர் போகலாம் என்று எழுதியிருக்கும் காரில் இரண்டு சைல்டு சீட் வந்ததும் நாலரை பேர்தான். கூடவே, பின்னால் பார்க்கும் சீட் நிறைய நீளம் எடுத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் உள்ள சீட்டைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

அவர்கள் கண்டுபிடித்த வழி இது: குழந்தையின் சீட் இடதுபக்கம். அதற்கு முன்னால் பாட்டி. அவர் குள்ளம். சீட்டைக் கொஞ்சம் முன்னால் இழுத்தாலும் கால் இடிக்காது, மார்புக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே போதுமான இடைவெளியும் இருந்தது. மூத்தவள் வலதுபக்கம். நெடும்பயணத்தில் அம்மா நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பார்.

வண்டி பார்க்கப் போகும்போதே குழந்தையையும், சைல்டு சீட்டையும், வீட்டுப் பெரியவரையும் அழைத்துப் போயிருந்தால் இந்தக் கணக்கு ஷோரூமிலேயே தெரிந்திருக்கும். நிறைய பேர் தனியாகப் போய் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். வண்டியின் பின் சீட்டையும் டிக்கியையும் குடும்பத்தோடு பார்க்க வேண்டும். தள்ளுவண்டியை டிக்கியில் வைத்து மூடிப் பார்த்தால் தப்பில்லை. விற்பனையாளர் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

கூரையைத் திறந்தால் குதூகலம்?

அவர்கள் ஷோரூமில் தேர்ந்தெடுத்தது சன்ரூஃப் உள்ள வகை. மூத்தவளுக்காக என்று சொல்லிக்கொண்டார்கள். விலை கூடியது, கடனும் கூடியது. 8 லட்சம் ரூபாய்க் கடனை 9 சதவிகித வட்டியில் 5 வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 16,600 ரூபாய். அதையே 7 வருடத்துக்கு இழுத்தால் மாதத் தவணை சுமார் 12,900-க்கு இறங்கும். கேட்க இதமாக இருக்கும். மொத்தமாகக் கூட்டினால் 85,000 ரூபாய் அளவுக்கு வட்டி அதிகம். அந்தப் பணத்தில் இரண்டு நல்ல சைல்டு சீட்டுகளும் சில வருடத்து இன்ஷூரன்ஸும் வந்திருக்கும்.

மூத்தவள் கேட்டது எல்லாக் குழந்தைகளும் கேட்பதுதான். "அப்பா, நான் மேல நின்னு பார்க்கட்டா?" கிழக்குக் கடற்கரைச் சாலையில் எத்தனையோ கார்களில் பிள்ளைகள் கூரைக்கு வெளியே தலைநீட்டிக் கையசைப்பதை அவள் பார்த்திருக்கிறாள். இரண்டு முறை அனுமதியும் கிடைத்திருந்தது. பண்ருட்டிக்குப் பிறகு அது நின்றது. அன்று ஆடு குறுக்கே வந்தபோது அவள் நின்றுகொண்டிருந்தால்? அந்தக் கேள்வியை அவர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கூரை இப்போதும் திறக்கிறது, நிலா பார்ப்பதற்கு மட்டும். பெல்ட் போட்டபடி உட்கார்ந்து பார்த்தாலும் நிலா தெரியத்தான் செய்கிறது.

வாசலில் நடந்தது

ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பால் வாங்கக் கிளம்பினார் அப்பா. வண்டி வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றது. ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் கியர் போட்டார். 'பீப் பீப்' என்று சென்சார் கத்தியது. 2019 ஜூலை முதல் நம் நாட்டில் தயாராகும் எல்லாக் கார்களிலும் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். ஆனால் அந்த வாசலில் அது தினமும் கத்தும். ஒரு பக்கம் கேட் தூண், மறுபக்கம் துளசி மாடம். தினமும் கேட்டுக் கேட்டு அவருக்கு அந்தச் சத்தம் பழகிப்போயிருந்தது. கேமரா திரையில் மேற்கு வெயில் அடித்து எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது.

"டேய் நிறுத்து!"

பாட்டியின் குரல். பிரேக்கை அழுத்தினார். இறங்கிப் போய்ப் பார்த்தார்.

மூத்தவள் வண்டிக்குப் பின்னால் தரையில் குந்தி உட்கார்ந்து, சாக்பீஸால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பம்பருக்கும் அவளுக்கும் நடுவே இரண்டு முழம்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்து, "அப்பா, மயில்" என்றாள்.

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். சமையலறையிலிருந்து இரண்டடி உயர ஸ்டூலை எடுத்துவந்து வண்டிக்குப் பின்னால் வைத்தார்கள். குந்தியிருக்கும் பிள்ளையின் உயரம் அது. மனைவி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து உள்கண்ணாடியில் பார்த்தாள். தெரியவில்லை. ஓரடி தள்ளி வைத்தார். தெரியவில்லை. இன்னும் தள்ளினார். கேட்டைத் தாண்டி, தெருவுக்கே போய், பதினைந்தடி தள்ளி வைத்தபிறகுதான் ஸ்டூலின் மேற்பகுதி கண்ணாடியில் எட்டிப் பார்த்தது. முன்பக்கமும் சோதித்தார்கள். பானட் உயரம். ஏழடி வரை ஸ்டூலைக் காணோம்.

பிறகு அவர் ஒன்று செய்தார். ஸ்டூல் இருந்த இடத்தில் தானே குந்தி உட்கார்ந்து வண்டியைப் பார்த்தார். பாட்டிக்கு வசதியான, மனைவிக்கு இதமான, தனக்குக் கம்பீரமான அதே வண்டி. அங்கிருந்து பார்த்தால் ஒரு சுவர். சுவருக்கு மேலே எங்கேயோ கண்ணாடி. அதற்குள் இருப்பவர் முகம் தெரியவே இல்லை. அவர் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால், நம் முகமும் அவருக்குத் தெரியாது. பெரியவர்களுக்கு அது புரியும். மூன்று வயதுப் பிள்ளைக்கு, அப்பா உள்ளே இருக்கிறார் என்றால் அப்பா தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு விதி. சாவியை எடுத்ததும் கிளம்புகிறவர் உரக்கச் சொல்ல வேண்டும்: "வண்டி எடுக்கறேன்." வீட்டில் இருக்கும் ஒரு பெரியவர் இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு திண்ணையில் நிற்க வேண்டும். "ரெண்டு பேரும் இங்க" என்று பதில் வரவேண்டும். அதன்பிறகு வண்டியை ஒருமுறை சுற்றிவந்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். கூடுதலாக ஆகும் நேரம் அரை நிமிடம். தினமும் கேமரா கண்ணாடியை ஈரத்துணியால் துடைப்பது பாட்டியின் வேலை. அவர் கேட்டு வாங்கிக்கொண்டது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. வீட்டு வாசலில் நிற்கும்போதும் வண்டி பூட்டியே இருக்கும். சாவி பிள்ளைகளுக்கு எட்டாத ஆணியில். பூட்டாத காருக்குள் விளையாட ஏறி, திறக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டு வெப்பத்தில் உயிரிழந்த குழந்தைகளின் செய்தி ஒவ்வொரு கோடையிலும் நாளிதழில் வருகிறது. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். பின் கதவுகளின் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்கவும் முடியாது. ஏ.டி.எம்-மில் பணம் எடுக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்கும் பிள்ளை காருக்குள் தனியாக இருக்கக் கூடாது.

மழையும் தைரியமும்

நவம்பரில் மழை பிடித்தது. எதிர்வீட்டு ஹேட்ச்பேக்காரர் வண்டியை எடுக்கவில்லை. இவருக்குத் தைரியம் இருந்தது. 'நம்ம வண்டி உயரமாச்சே!'

வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே இருப்பது சுமார் 20 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு சாண். உயரம் என்று பெயர்தானே தவிர, படகு அல்ல. இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டால் பிஸ்டன்களால் அதை அழுத்த முடியாது. உள்ளே கம்பி வளைந்து இன்ஜினே போய்விடும். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளிக்கொண்டுபோய் மெக்கானிக்கிடம் விட வேண்டும். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் இப்படி ஆன இன்ஜினுக்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது. 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்துவதை டி.வி-யில் பார்த்திருப்போம். அந்த வரிசையில் எஸ்யுவிகளும் நிற்கும். அனுபவப்பட்டவர்கள் அவர்கள்.

"என்னங்க, பால் நாளைக்கு வாங்கிக்கலாம். பவுடர் இருக்கு" என்றாள் மனைவி. சாவி ஆணிக்கே திரும்பியது.

ஒரு வருடம் கழித்து...

தை மாதம் மறுபடி வந்தது. வண்டிக்கு ஒரு வயது. டவுனுக்குள் லிட்டருக்கு 12 கிலோமீட்டர்தான் தருகிறது. விளம்பரத்தில் சொன்ன மைலேஜ் நெடுஞ்சாலையில் மட்டும் எப்போதாவது எட்டிப் பார்க்கிறது. பின் சீட்டின் இடுக்குகளில் பிஸ்கட் தூள், கதவில் சாக்பீஸ் மயில், இடதுபக்கம் ஒரு கீறல். டிக்கியில் ஒரு பழைய பிளாஸ்டிக் பெட்டி. தேங்காயும் பழமும் உருளாமல் அதற்குள்தான் போகும். நான்கு பேரும் சாமான்களும் ஏறுகிற நாளில் டயருக்குக் காற்று கொஞ்சம் அதிகம் வேண்டும் என்பதும், அந்த அளவு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கிறது என்பதும் இப்போது தெரியும்.

வாங்கும்போது வரிசையாக எழுதிவைத்த காரணங்களில் பாதி மறந்துவிட்டது. உயரம் மட்டும் நிஜம். அது பாட்டியின் முழங்காலுக்கு நல்லது, அம்மாவின் இடுப்புக்கு நல்லது. அந்த நன்மையை அனுபவிக்கும் பெரியவர்கள், வீட்டின் மிகக் குட்டையான ஆளின் இடத்திலிருந்து வண்டியை ஒரே ஒருமுறை குந்தி உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். அதற்குக் காசு ஆகாது. வண்டி வந்த அன்று, எலுமிச்சம்பழம் வைக்கக் குனியும்போதே பார்த்துவிடலாம்.

ஊருக்குக் கிளம்பும் காலையில் இப்போது பிளே ஸ்கூல் முடித்த பெரிய மனுஷிதான் கண்டக்டர்.

"பாப்பா பெல்ட்?"

"போட்டாச்சு."

"அம்மா பெல்ட்?"

"போட்டாச்சு."

"பாட்டி?"

பாட்டி பதில் சொல்லவில்லை. பெல்ட்டை இழுத்து மாட்டினார். 'கிளிக்' என்ற சத்தம் கேட்டது.

"அப்பா, போலாம் ரைட்!"

அவர் ஒருமுறை இறங்கி வண்டியைச் சுற்றிவந்துவிட்டு, ஸ்டார்ட் செய்தார்.